ஏழாம் பிரிவு

விளம்பரப் பலகை விதிகளைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.
பதினொரு பக்கம்.
எழுத்தின் உயரம் நாற்பது சென்டிமீட்டர் தாண்டக் கூடாது,
சுவரை விட்டு ஒரு முழத்துக்கு மேல் நீட்டக் கூடாது,
நடைபாதைப் பலகை பனிவண்டிக்கு வழிவிட வேண்டும்.
பாதி எங்கள் சரக்கு.
மீதியைத் தெற்கே ஒரு நகராட்சியிடம் வாங்கினோம்.
அவர்கள் ஊரில் ஆப்பிள் மரம் உண்டு,
நாள் தவறாமல் ஒரு காலை உண்டு.

ஏழாம் பிரிவு அங்கிருந்து வந்தது:
சூரியன் மறைந்த ஒரு மணி நேரத்தில்
விளக்குப் பலகைகள் அணைய வேண்டும்,
சூரியன் உதிக்கும்வரை எரியக் கூடாது.
ஒன்பது பேரும் கை தூக்கினார்கள்.
அது ஜூன் மாதம், இரவு பத்தரை.
வெயில் கண்ணில் அடிக்க
ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத்தான் கைகளை எண்ணினேன்.

கேட்டு வாங்கியவர் எய்லிஃப்.
துறைமுகத் தெருவில் அவர் படுக்கையறைக்கு எதிரே
ராங்ன்ஃப்ரிட்டின் தூண்டில் கடை.
கடையின் நெற்றியில் சிவப்பு நியான் மீன்,
வால் மட்டும் விட்டு விட்டு எரியும்.
"குளிர்காலம் முழுக்க என் சுவரில் நீந்துகிறது" என்று எழுதியிருந்தார்.
"நான் படகை விற்றதே மீன் முகத்தில் முழிக்காமலிருக்க."

ஜூலை முழுக்க
மீன் ராத்திரி பகலாகச் சட்டப்படி எரிந்தது.
யார் கண்ணிலும் படவில்லை.

நவம்பர் இருபத்து மூன்று.
சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து
கடன்காரனைப் பார்த்தவன்போல் தலை காட்டிவிட்டு இறங்கியது.
ஒரு மணி நேரத்தில் மீன் அணைந்தது.
மறுநாள் காலை, அதாவது கடிகாரத்தின் காலை,
கடை திறந்தது, மீன் எரியவில்லை.
அதைப் பார்த்து மருந்துக்கடை பச்சைச் சிலுவையை அணைத்தது.
பிறகு ரொட்டிக்கடை, முடிதிருத்தகம், பெட்ரோல் நிலையம்.

தொலைபேசியில் கேட்டேன்: எப்போது போடுவீர்கள்?
"விடிந்ததும்" என்றாள் ராங்ன்ஃப்ரிட்.
"ஜனவரி பத்தொன்பது. மேகம் இல்லையென்றால்."

பின்லாந்திலிருந்து மாவு ஏற்றி வந்த லாரி
ஊரைத் தாண்டிப் படகுத்துறை விளிம்பில் போய் நின்றது.
காய்ச்சல் குழந்தையோடு ஒருத்தி
வங்கிக் கதவை மருந்துக்கடை என்று தட்டினாள்.
ஒளிமானியோடு வந்த ஆய்வாளர் சிக்வார்ட்
எல்லாக் கடைக்கும் சுழியம் போட்டு,
கையெழுத்திட்டு,
படியில் வழுக்கி விழுந்தார்.

டிசம்பரில் எய்லிஃப் அலுவலகத்துக்கு வந்தார்.
தொப்பியின் பனியை என் மேசைமேல் தட்டினார்.
புகாரைத் திரும்பப் பெறவில்லை.
"கறுப்புத் திரைச்சீலை வாங்கினேன், ரசீது இருக்கிறது,
விதி வருவதற்கு ஒரு வாரம் முன்னால்.
இப்போது இந்தச் செலவு யார் கணக்கு?"
எங்களிடம் திரைச்சீலைக்குக் கணக்குத் தலைப்பு இல்லை.
அதையும் எழுத்தில் கேட்டார். கொடுத்தேன்.

அவசரக் கூட்டம்.
நகராட்சி என்னும் எங்கள் சொந்தப் பலகையும்
விளக்குப் பலகைதான் என்பது அன்றுதான் நினைவு வந்தது,
அதையும் அணைத்தோம்.
உறுப்பினர் இருவர் வழி தவறி
பக்கத்துத் தேவாலயத்தில் பாடகர் குழுவோடு உட்கார்ந்து
இரண்டாம் பாட்டு வரை இருந்திருக்கிறார்கள்.

திருத்தம் சின்னதுதான்.
சூரியன் வரும் இரண்டு இடத்தையும் கோடிட்டு அடித்தேன்.
மேலே எழுதினேன்: இரவு பதினொரு மணி, காலை ஆறு மணி.
இப்படியாக எங்கள் ஊர்ச் சட்டத்திலிருந்து
சூரியன் நீக்கப்பட்டது, ஆறுக்கு மூன்று வாக்கில்.
எதிர்த்த மூவரும் காரணம் சொல்லவில்லை.

மீன் மறுபடி எரிகிறது.
இரவு பதினொன்றைத் தாண்டி நான்கு நிமிடம் எரியும்,
கடை கடிகாரம் மெதுவாம்.
எய்லிஃப் அதைத் தேதி வாரியாக எழுதி வருகிறார்.

ஜனவரி பத்தொன்பது மேகம். இருபது மேகம்.
இருபத்தொன்று, நண்பகலுக்குக் கொஞ்சம் முன்
மலைமேல் ஒரு விரற்கடை வெயில்.
கடையைப் போட்டது போட்டபடி எல்லோரும் தெருவில் நின்றோம்.
நான் பழக்கத்தில் மணி பார்த்து
உள்ளங்கையில் குறித்துக்கொண்டேன்: 11.52.
அதை எழுத
எந்தப் பதிவேட்டிலும் இனிப் பத்தி கிடையாது.